குளிருக்குக் கட்டிய வீட்டில் கோடை

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் கடைசியில் ஊரிலிருந்து யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். "லண்டன்ல 33 டிகிரிக்கே எச்சரிக்கை விடுறாங்களாமே, நமக்கு அது மாசி மாச வெயில்தானே?" கேட்பவர்கள் வேலூர்க்காரர்கள். அக்னி நட்சத்திரத்தில் 42, 43 டிகிரியைப் பார்த்தவர்கள். நானும் அந்த வெயிலில் வளர்ந்தவன் என்பதால் அவர்களுடைய வியப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் 2022 ஜூலையைக் கிழக்கு லண்டனில் ஒரு வரிசை வீட்டில் கழித்த பிறகு, இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து, நீளமாகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஃபோனில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். இங்கே குடியிருக்கிற தமிழர்களுக்கும், கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பார்க்க வருகிற அப்பா அம்மாக்களுக்கும் உதவும்.

முதலில் அந்த 2022 பற்றி. ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் உள்ள கோனிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. பிரிட்டனில் வெப்பநிலை 40ஐத் தாண்டியது வரலாற்றில் அன்றுதான் முதல் முறை. அதற்கு முந்தைய சாதனை 2019 ஜூலை 25 அன்று கேம்பிரிட்ஜில் பதிவான 38.7. அதற்கும் முன்பு 2003 ஆகஸ்டில் கென்ட் பகுதியின் ஃபேவர்ஷாமில் 38.5. அதாவது பதினாறு ஆண்டுகளில் 0.2 டிகிரி மட்டுமே ஏறிய சாதனை, அடுத்த மூன்றே ஆண்டுகளில் 1.6 டிகிரி ஏறிவிட்டது. வானிலைத் துறையான மெட் ஆபீஸ், கடும் வெப்பத்துக்கென்று தனி எச்சரிக்கை முறையை 2021ல்தான் தொடங்கியிருந்தது. அதன் முதல் சிவப்பு எச்சரிக்கை அந்த ஜூலை 18, 19 தேதிகளுக்கு வந்தது. பருவநிலை மாற்றம் இல்லாதிருந்தால் அப்படியொரு வெப்பம் வருவதற்கான வாய்ப்பு குறைந்தது பத்து மடங்கு குறைவாக இருந்திருக்கும் என்று உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு கணக்கிட்டது.

அந்த இரண்டு நாட்களில் இந்த நாடு எப்படித் தடுமாறியது என்பதை நேரில் பார்த்தேன். லூட்டன் விமான நிலையத்தில் ஓடுபாதையின் மேற்பரப்பு கெட்டுப்போய் விமானங்கள் நின்றன. லண்டனிலிருந்து வடக்கே போகும் கிழக்குக் கரை ரயில் பாதையில் போக்குவரத்து நின்றது. லண்டனின் கிழக்கு ஓரத்தில் வென்னிங்டன் கிராமத்தில் புல்வெளித் தீ பரவி வீடுகள் வரிசையாக எரிந்தன. லண்டன் தீயணைப்புப் படைக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவ்வளவு வேலை வந்த நாள் வேறு இல்லை என்று மேயரே சொன்னார்.

ரயில் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் அதில் சாவி இருக்கிறது. இங்கே தண்டவாளங்களைப் பொருத்தும்போது 27 டிகிரியில் அவை இழுபடாமலும் நெருக்கப்படாமலும் இருக்கிற மாதிரி அமைக்கிறார்கள். நேர் வெயிலில் கிடக்கும் இரும்பு, காற்றைவிட 20 டிகிரி வரை கூடுதலாகச் சூடாகும். காற்றே 40 என்றால் தண்டவாளம் 60. இரும்பு நீள இடமில்லாமல் வளைந்துவிடும். நம் ஊரில் இதைவிட உயர்ந்த வெப்பநிலைக்குப் பொருத்துகிறார்கள், அதனால் அங்கே தாங்குகிறது. ஆனால் அதே அளவுக்கு இங்கே பொருத்தினால் ஜனவரிக் குளிரில் இரும்பு சுருங்கி வெடிப்பு விடும். இங்கிருக்கும் பொறியாளர்களுக்குத் தெரியாமல் நடந்தது இல்லை இது. ஒரு நாட்டின் தண்டவாளமும் தார்ச்சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வீடும் அந்த நாட்டின் பழைய தட்பவெப்பத்தைப் பார்த்து அமைக்கப்பட்டவை. தட்பவெப்பம் மாறிவிட்டது, இவை அப்படியே நிற்கின்றன.

உடம்பும் அப்படித்தான். "நீ வேலூர்க்காரன், உனக்கென்ன" என்று இங்கே ஆங்கிலேய நண்பர்கள் சொல்வார்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வேர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், வேர்வையில் உப்பு குறையும், இரத்தத்தில் நீரளவு கூடும். வெயிலை விட்டு விலகிய சில வாரங்களில் இந்தப் பழக்கம் முழுவதும் கலைந்துவிடும். பிறந்த ஊர் உடம்பில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. பல வருடம் லண்டனில் இருந்துவிட்டவனுக்கும் லண்டனிலேயே பிறந்தவனுக்கும் வெப்ப அலையின் முதல் நாளில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஊரில் பங்குனியிலிருந்து படிப்படியாக ஏறி வைகாசியில் உச்சத்துக்கு வருகிற வெயில், உடம்புக்குத் தயாராக அவகாசம் தருகிறது. இங்கே திங்கட்கிழமை 22, வியாழக்கிழமை 34 என்று வரும். உடம்பு தயாராவதற்குள் அலை முடிந்துவிடும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். நான் உண்மையில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

நான் வளர்ந்த வேலூர் வீடு ஓட்டு வீடு. கனமான சுவர், சின்ன ஜன்னல், தாழ இறக்கிய தாழ்வாரம், நடுவில் முற்றம். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடும். சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், அதனால் தாழ்வாரமே சுவருக்குக் குடை. சாயங்காலம் தரையிலும் வாசலிலும் தண்ணீர் தெளிப்போம். மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை தெருவில் ஆள் இருக்காது, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படுத்துவிடுவார். இவை எல்லாம் சேர்ந்துதான் நமக்கு 42 டிகிரி தாங்கியது. உடம்பின் வீரத்தால் தாங்கினோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த அமைப்பு கிடைக்காதவர்கள், தகரக் கூரையின் கீழ் இருப்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள் நம் ஊரிலும் வெயிலுக்குப் பலியாகிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்து வீட்டில் ஒன்று 1919க்கு முன்பு கட்டியது. எங்கள் தெரு முழுக்க அப்படிப்பட்ட செங்கல் வரிசை வீடுகள்தான். குளிரைத் தடுக்க, கிடைக்கிற கொஞ்ச வெயிலை உள்ளே இழுத்துக்கொள்ளக் கட்டியவை. லண்டன் 51 டிகிரி அட்சரேகைக்கும் வடக்கே இருக்கிறது. ஜூலையில் காலை ஐந்து மணிக்கே சூரியன் வந்துவிடும், இரவு ஒன்பதைத் தாண்டித்தான் மறையும். பதினாறு மணி நேர வெயில். அதுவும் சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு மேற்கே தாழ்ந்து, படுத்த வாக்கில் நேராக ஜன்னலுக்குள் வரும். இந்த வெயிலைத் தாழ்வாரமோ சன்ஷேடோ தடுக்காது. கண்ணாடிக்குள் புகுந்த ஒளி தரையிலும் கட்டிலிலும் பட்டு வெப்பமாக மாறும். ஒளியை உள்ளே விட்ட கண்ணாடி, அந்த வெப்பத்தை வெளியே விடுவதில்லை. கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் உச்சிப் பொழுதே ஒரு மணிக்குத்தான், வெப்பம் உச்சம் தொடுவது நாலு ஐந்து மணிக்கு. மேற்குப் பார்த்த படுக்கையறை இரவு பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் சமூகத்தில் பலர் செய்வது போல நாங்களும் மேலே, கூரைக்கு அடியில் உள்ள லாஃப்டில் ஓர் அறை எடுத்தோம். வெயில் நேரத்தில் வீட்டிலேயே மோசமான அறை அது. கருப்பு ஓட்டுச் சரிவுக்கு நேர் கீழே, தலைக்கு மேல் சாய்ந்த கண்ணாடி ஜன்னல். கீழ்த்தளத்தில் 27 இருக்கும்போது மேலே 35 காட்டும். விருந்தாளிகளுக்கு அந்த அறையைத்தான் கொடுக்கிறோம், விருந்தாளி என்றால் பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த பெற்றோர். எச்சரிக்கை வந்த நாட்களில் அவர்களைக் கீழே முன்னறையில் படுக்க வையுங்கள். மெத்தையைக் கீழே இறக்குவது ஒரு வேலையா? தயவுசெய்து செய்யுங்கள்.

புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகள் இதைவிட மோசம் என்பது பலருக்குத் தெரியாது. நண்பர் ஒருவர் ஆற்றோரக் குடியிருப்பில் பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறார். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, ஒரே பக்கம்தான் ஜன்னல், அதுவும் பாதுகாப்புக் கொக்கியால் ஒரு சாண் மட்டுமே திறக்கும். எதிர்ப்பக்கம் ஜன்னல் இல்லாததால் காற்று குறுக்கே ஓடாது. அதோடு அந்தக் கட்டடம் முழுவதற்கும் பொதுவான சுடுநீர்க் குழாய்கள் நடைபாதையின் கூரை வழியே போகின்றன. கோடையிலும் குளிக்க வெந்நீர் வேண்டும் என்பதால் அவை பன்னிரண்டு மாதமும் சூடாகவே இருக்கும். நடைபாதைக் கதவைத் திறந்தால் வெளியே இருப்பதைவிடச் சூடான காற்று முகத்தில் அடிக்கிறது. மே மாதமே அந்த வீட்டில் தூங்க முடியவில்லை என்று அவர் சொன்னபோது, போய்ப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம், என்ன செய்யலாம்?

பகலில் ஜன்னலை மூட வேண்டும். இதை இங்கே யாருக்கும் புரியவைப்பது கஷ்டம். வெயில் அடித்தால் எல்லா ஜன்னலையும் திறந்துபோடுவது இந்த ஊர்ப் பழக்கம், ஏனென்றால் நூறு வருடமாக வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. வெளியே 34, உள்ளே 26 என்றால் திறந்த ஜன்னல் வழியே வருவது 34தான். உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என இரண்டு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சில பவுண்டுகள்தான். வெளியே உள்ளதைவிட உள்ளே குறைவாகக் காட்டுகிற நேரமெல்லாம் மூடி வையுங்கள். கணக்கு திரும்பியதும் திறங்கள். பெரும்பாலும் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் திரும்பும். சாதாரண லண்டன் கோடையில் இரவு வெப்பநிலை 15, 16க்கு இறங்கும். வேலூருக்குக் கிடைக்காத வரம் அது. அந்தக் குளிர்ச்சியை விடிவதற்குள் செங்கல் சுவருக்குள் ஏற்றிவிட வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னல், லாஃப்டில் ஒரு ஜன்னல், நடுவில் உள்ள கதவுகள் எல்லாம் திறந்திருந்தால் சூடான காற்று மாடிப்படி வழியே தானாக மேலே ஏறி வெளியே போகும். முற்றம் செய்த வேலையை மாடிப்படி செய்யும். கீழ்த்தள ஜன்னலை இரவில் திறந்து வைக்கத் திருட்டுப் பயம் இருந்தால், உள்ளே கம்பி போடுங்கள், அல்லது முதல் மாடியிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, நிழல் வெளியே இருக்க வேண்டும். அம்மா ஒரு கோடையில் வந்திருந்தபோது, நான் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, "வெயில் கண்ணாடியைத் தாண்டின அப்புறம் துணி போட்டு என்னடா பிரயோஜனம்? வெளியில கட்டு" என்றார். பெட்டியிலிருந்து அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே கயிறு கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரும் தெளித்தார். வெட்டிவேர்த் தட்டி கட்டிப் பழகிய கை. அன்று அந்த அறையின் வித்தியாசம் எனக்குத் தோலிலேயே தெரிந்தது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் வீட்டுக்கு வீடு ஜன்னலுக்கு வெளியே மரக்கதவு இருப்பது இதற்காகத்தான். பிரிட்டனில் அது அழகுப் பொருளாகத்தான் தெரிகிறது. உள்பக்கத் திரை கொஞ்சம் தடுக்கும், வெளிப்பக்க நிழல் பெரும்பகுதியைத் தடுக்கும்.

மின்விசிறி. முடிந்தால் தலைக்கு மேல் மாட்டுங்கள், ஆனால் இறக்கைக்கும் தரைக்கும் குறைந்தது 2.3 மீட்டர் இடைவெளி வேண்டும். பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் அது கிடைக்கும், புதுக் குடியிருப்புகளில் பெரும்பாலும் கிடைக்காது. அறைக் காற்று 35ஐத் தாண்டினால் விசிறி மட்டும் போதாது. தோலைவிடச் சூடான காற்றை மேலே வீசிக்கொள்வதாகிவிடும், அதுவும் வேர்வை குறைவாகச் சுரக்கும் வயதானவர்களுக்கு. அப்போது தோல் ஈரமாக இருக்க வேண்டும். கழுத்தில் ஈரத்துண்டு, பாதங்களை வாளித் தண்ணீரில் வைப்பது, நனைத்த மெல்லிய பருத்தித் துணியோடு விசிறி முன் உட்காருவது, இவை உண்மையிலேயே வேலை செய்கின்றன.

ஏசி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இங்கே கடையில் கிடைப்பது சக்கரம் வைத்த, ஒற்றைக் குழாய் வகை. அது அறைக் காற்றையே எடுத்துச் சூடாக்கிக் குழாய் வழியே வெளியே தள்ளும். தள்ளிய காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியே உள்ளே வரும். அதனால் ஜன்னலில் குழாயைச் சுற்றி மூடுகிற துணி உறையையும் சேர்த்து வாங்காவிட்டால் பாதிப் பலன்தான். வெப்ப அலை அறிவித்த பிறகு கடையில் ஒன்றுகூட மிஞ்சாது, வாங்குவதானால் மார்ச் மாதம் வாங்குங்கள். எல்லோரும் ஏசி போட்டால் தெரு இன்னும் சூடாகும் என்ற வாதம் உண்மைதான். ஆனாலும் வீட்டில் கைக்குழந்தையோ இதய நோயாளியோ எண்பது வயதுக்காரரோ இருந்தால், ஒரே ஓர் அறைக்கு மட்டும் வைத்துக்கொள்வதில் எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம் என்பது என் கருத்து.

சாப்பாட்டைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நீர்மோர், பழைய சோறு, உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ், ஈஸ்ட் ஹாம் கடைகளில் தர்பூசணி. ஓவனைப் பற்றவைக்காதீர்கள், சமையலைக் காலை ஏழு மணிக்குள் முடியுங்கள், அவ்வளவுதான்.

வெளியே போகிறவர்களுக்கு ஒரு விஷயம். லண்டன் பாதாள ரயிலில் எல்லாத் தடங்களும் ஒன்று இல்லை. மெட்ரோபாலிடன், டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி தடங்களிலும் எலிசபெத் தடத்திலும் ஏசி உண்டு. சென்ட்ரல், பேக்கர்லூ போன்ற ஆழமான தடங்களில் கிடையாது. சுரங்கம் தோண்டிய காலத்தில் சுற்றியிருந்த களிமண் 14 டிகிரி அளவில் குளிர்ந்திருந்தது. கோடையில் குளிர்ச்சிக்காகவே ரயிலில் ஏறுங்கள் என்றுகூட அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தார்கள். நூறு வருடமாக ரயில்களும் பிரேக்குகளும் மனிதர்களும் விட்ட வெப்பத்தைக் குடித்துக் குடித்து அந்த மண் சூடேறிவிட்டது. வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகும்போது பத்து நிமிடம் கூடுதலானாலும் ஏசி தடத்தில் போங்கள்.

ஊரிலிருந்து படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிலைப் பார்த்து ஏரியிலோ நீர்த்தேக்கத்திலோ குதிக்காதீர்கள். நம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இல்லை. மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் சற்று ஆழத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும், அந்த அதிர்ச்சியில் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், நல்ல நீச்சல்காரரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். 2022 வெப்ப அலையில் இப்படி இளம் உயிர்கள் போயின.

வேலையிடம் ஒரு பெரிய குறை. இந்த நாட்டில் வேலை செய்யும் இடத்தின் வெப்பநிலைக்குச் சட்டத்தில் உச்சவரம்பு எண் கிடையாது. குளிருக்கு வழிகாட்டும் எண் உண்டு: 16 டிகிரி, உடல் உழைப்பு என்றால் 13. வெப்பத்துக்கு "நியாயமான அளவு" என்ற சொல் மட்டும். 30 டிகிரி, கடின உழைப்புக்கு 27 என்று வரம்பு வைக்கும்படி தொழிற்சங்கக் கூட்டமைப்பு பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. உணவகச் சமையலறையிலும் கிடங்கிலும் நிற்கிற நம் மக்களை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு அவசரமானது என்று தெரியும். அவர்கள் கேட்கத் தயங்குவார்கள். விசாவுக்கு முதலாளியை நம்பி இருப்பவர் கேட்கவே மாட்டார்.

எதிர்வீட்டில் எண்பதைத் தாண்டிய ஆங்கில மூதாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். வெப்பம் பற்றிப் பேச்செடுத்தால் 1976ஐத்தான் சொல்வார். இங்கே அந்தத் தலைமுறை முழுக்க அப்படித்தான். ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை பதினைந்து நாள் தொடர்ந்து எங்காவது ஓரிடத்தில் 32 டிகிரியைத் தாண்டிய கோடை அது. வறட்சிக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள். அதையே தாங்கினோமே, இதென்ன என்பது அவர் வாதம். 1976ன் உச்சம் 35.9 டிகிரி, அப்போது அவருக்கு முப்பது சொச்சம் வயது. இப்போது அவர் இதய நோய்க்கும் நீர் இறங்கவும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். நீர் இறக்கும் மாத்திரை உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் வெளியேற்றும், வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. 2022 கோடையின் ஐந்து வெப்ப அலைகளில் இங்கிலாந்தில் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இன்னும் துல்லியமாக ஆராய்ந்தார்கள். 2021 ஜூன் கடைசியில் வந்த வெப்பத்தில் லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி பதிவாகி, மறுநாள் அந்த ஊரே தீயில் போனது. அந்த மாகாணத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர். மரண விசாரணை அறிக்கை சொல்வது: அவர்களில் 98 சதவீதம் பேர் வீட்டுக்குள், கட்டடத்துக்குள் இருந்தபோது பாதிக்கப்பட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வசித்தவர்கள். வெயிலில் நின்று சாகவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால், குளிருக்குக் கட்டிய வீட்டில், யாரும் வந்து பார்க்காமல் செத்துப்போனார்கள். அதைப் படித்ததிலிருந்து எச்சரிக்கை நாட்களில் நானோ மனைவியோ காலையும் மாலையும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். மோரில் பெருங்காயம் அவருக்குப் பிடிக்காது, உப்பு மட்டும் போட்டுக் கொடுக்கிறோம். ஃபோனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார், நேரில் போய் அறைக்குள் நின்றால்தான் அறை எப்படி இருக்கிறது என்று தெரியும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். இன்சுலின் பேனாவை ஜன்னலோர மேசையில் விடாதீர்கள், திறக்காதவை ஃபிரிட்ஜில் இருக்கட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருந்தகத்தில் கேளுங்கள். தலைசுற்றல், வாந்தி, களைப்பு என்றால் குளிர்ந்த அறையில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள். அங்கே தாமதம் கூடாது.

2025 கோடை, பிரிட்டனில் பதிவு தொடங்கியதிலிருந்தே மிக வெப்பமான கோடை. 40 டிகிரியும் வரவில்லை, 2022 போலப் பெரிய தலைப்புச் செய்தியும் இல்லை. ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதச் சராசரி 16.1 டிகிரி. இரவுகள் இறங்கவில்லை. எனக்கு அந்தக் கோடைதான் அதிகம் கவலை தந்தது, ஏனென்றால் மேலே சொன்ன இரவுக் காற்று உத்தி முழுவதும் இரவு குளிர்வதை நம்பி இருக்கிறது.

ஆகவே வீடுகள் மாறியாக வேண்டும். 2022 ஜூன் 15 முதல் இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு அதிவெப்பத் தடுப்பு விதி வந்திருக்கிறது. கண்ணாடிப் பரப்புக்கு வரம்பு உண்டு. இல்லாவிட்டால் இரவு பத்து முதல் காலை ஏழு வரை படுக்கையறை 26 டிகிரியைத் தாண்டும் நேரம் ஆண்டில் 1 சதவீதத்துக்கு மேல் போகாது என்று கணக்குக் காட்ட வேண்டும். நல்ல விதி. ஆனால் ஏற்கெனவே கட்டி முடித்த கோடிக்கணக்கான வீடுகளை அது தொடாது. வெளிநிழலுக்கு மானியம், பழைய குடியிருப்புகளின் சுடுநீர்க் குழாய்களுக்கு உறை, பாதி திறக்கும் ஜன்னல்களுக்கு மாற்று, இவற்றை உள்ளூர்க் கவுன்சிலர்களிடம் நாம் கேட்க வேண்டும். தேர்தல் நேரத்தில் நம் கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் வருகிறார்கள். அப்போது கேட்கலாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று. வீட்டு ஆபத்துகளை மதிப்பிட இங்கிலாந்துக் கவுன்சில்கள் பயன்படுத்தும் பட்டியலில் ஈரப்பூஞ்சையும் கடுங்குளிரும் இருப்பது போலவே அதிவெப்பமும் இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்காவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதி, வந்து பார்க்கச் சொல்லலாம். வெறும் புகாராக எழுதினால் கிடப்பில் போகும். பன்னிரண்டாம் மாடி நண்பர் மே மாதத்திலிருந்து தினமும் காலை ஏழு, மாலை ஐந்து, இரவு பதினொன்று என மூன்று வேளையும் தெர்மாமீட்டரை ஃபோனில் படம் எடுத்து, அறையின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வந்தார். அதைச் சேர்த்து அனுப்பிய பிறகுதான் ஓர் அதிகாரி நேரில் வந்து நடைபாதைக் கதவைத் திறந்து பார்த்தார். குழாய்களுக்கு உறை போடும் வேலை இப்போது இரண்டு மாடி முடிந்திருக்கிறது. உங்களுக்கு அந்த நோட்டின் மாதிரி வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.